பின்பக்கத்தையும் காட்டச் சொல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுத நேரமில்லை என்றால் நீ நம்பமாட்டாய். துணியில் நூலால் ஒரு முகம் தைத்துக்கொண்டிருக்கிறேன், அதன் கன்னத்தை முடிக்காமல் வேறெதையும் கையில் எடுக்க மனசு வரவில்லை, அதுதான் நிஜம். மூன்று முறை பிரித்தேன். நேற்று ராத்திரிதான் சரியாக வந்தது.

உன் மகள் வேலையை விட்டுவிட்டு எம்பிராய்டரிதான் என் வாழ்க்கை என்கிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு முதல் ஆறு வருஷம் சோறு போட்டது கலை இல்லை. வகுப்பு எடுத்தேன், ஊரார் துணிக்கெல்லாம் பூவேலை செய்து கொடுத்தேன். இப்போதும் ஒன்று விற்றால் கேலரி பாதியை எடுத்துக்கொள்கிறது. மீதியை உட்கார்ந்த மணிக்கணக்கால் வகுத்துப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். வகுத்தால் ஊசியைத் தொடவே தோன்றாது! அப்புறம் கண்ணாடி நம்பர் ஏறுகிறது, வலது தோள் பிடித்துக்கொள்கிறது. அலாரம் வைத்து எழுந்து நடக்கிறேன். இதையெல்லாம் அவளிடம் மறைக்காதே.

ஆனால் எம்பிராய்டரியில் முகங்கள் தைக்கும் கேஸ் ஸவாக்லியாவை (Cayce Zavaglia) பற்றியும் சொல். அமெரிக்கர், முறையாக ஓவியம் படித்தவர். நச்சில்லாத ஸ்டுடியோ வேண்டும் என்று எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டு ஊசியை எடுத்தார். சின்ன வயதில் ஆஸ்திரேலியாவில் தைத்த ஒரு எம்பிராய்டரி வேலையும் அவர் மனசில் கிடந்ததாம். வீட்டு மனிதர்கள், நண்பர்கள், இவர்கள் முகங்களைத்தான் தைக்கிறார். தள்ளி நின்றால் அச்சு அசல் ஓவியம். கிட்டே போனால் அத்தனையும் நூல்.

அது எப்படி என்று நானே கை வைத்த பிறகுதான் புரிந்தது. வண்ணத்தைத் தட்டில் குழைக்கலாம், நூலைக் குழைக்க முடியாது. கண்டில் என்ன நிறமோ அதுதான். அதனால் துணி மேலேயேதான் கலக்க வேண்டும். ஆறு இழை நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கி, இந்தக் கன்னத்துக்கு முதலில் மங்கின பச்சை போட்டேன். (கன்னத்தில் பச்சையா என்று சிரிக்காதே, நிழலில் உன் முகத்தையே உற்றுப் பார்.) அதன் இடுக்குகளில் பழுப்பு, கொஞ்சம் ஊதா, கடைசியில் ஒரு வெளிர் ரோஜா. நிறமெல்லாம் முதல் முறையே சரியாகத்தான் இருந்தது. பிரித்ததற்குக் காரணம் தையலின் திசை. எல்லா இழையையும் நேராக இறக்கியிருந்தேன், முகம் பலகை மாதிரித் தட்டையாகக் கிடந்தது. எலும்பு வளையும் பக்கமே இழையையும் சாய்த்துக்கொண்டு போனதும் வெளிச்சம் அங்கங்கே உடைந்து கன்னம் உப்பிக்கொண்டது.

இதில் இன்னொரு கூத்து. பாதியில் நூல் தீர்ந்து, அதே எண் போட்ட புதுக் கண்டு வாங்கினேன். ஆனால் அது வேறொரு தடவை சாயம் போட்ட தொகுதி. கடையில் ஒன்றாகத் தெரிந்தது, துணியில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் இந்தத் தப்பைச் செய்கிறேன் பார்!

ஸவாக்லியாவிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஒருநாள் தைத்ததைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். முடிச்சும் தொங்கும் இழையுமாக, அதே ஆளின் இன்னொரு முகம் அங்கே இருந்திருக்கிறது. அதிலிருந்து பின்பக்கத்தையும் காட்ட ஆரம்பித்தார், அந்தச் சிக்கலையே ஓவியமாகவும் வரைந்தார். பிரான்ஸின் பையோ திரை என்று ஒன்று உண்டே, 11ஆம் நூற்றாண்டுடையது, ஏறக்குறைய 70 மீட்டர் நீளம். டேபஸ்ட்ரி, அதாவது நெய்த திரை என்று பெயரே ஒழிய, லினன் துணியில் கம்பளி நூலால் தைத்ததுதான். அதிலும் பின்பக்கத்தில்தான் சாயம் பளிச்சென்று இருக்கிறதாம். வெளிச்சம் படவில்லை அல்லவா. மியூசியங்கள் துணிகளை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கின வெளிச்சத்தில் வைப்பதும் இதற்காகத்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆரம்பத்தில் பின்பக்கம் வெட்கமாக இருந்ததால் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டேன். சில வருஷத்தில் பசை பழுப்பேறி முன்பக்கம் வரை கசிந்தது. வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் அமிலமில்லாத அட்டையில் துணியை இழுத்து, பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நூல் கோத்துக் கட்டுகிறேன். எப்போது வேண்டுமானாலும் அவிழ்க்கலாம்.

இந்த முகத்துக்கு அந்த அட்டையும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, சுவரில் சாய்க்காமல் அறை நடுவில் தொங்கவிடப் போகிறேன். மூன்று முறை பிரித்ததில் கன்னத்துக்குப் பின்னால் ஒரே முடிச்சுக் காடு. அதுவும் தெரியட்டும்.

சரி, உன் மகளை ஒன்று அனுப்பச் சொல். முன்பக்கப் படம் வேண்டாம், அதை எல்லோருக்கும் காட்டியிருப்பாள். துணியைத் திருப்பிப் போட்டு எடுத்து அனுப்பட்டும். எந்த இடத்தில் பிரித்தாள், எங்கே பொறுமை போய் இழையை நீளமாகத் தாண்டவிட்டாள் என்று பார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி