இணைவு ஆய்வுக்கான நிதியை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரியனில் நடப்பதுபோல் சிறிய அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவு ஆய்வுக்கு அரசுகள் தரும் பணம் தண்டச் செலவு என்று பலர் பேசுவதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள், அது அரசுப் பணத்தில் நடந்த வேலை. சரி, அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அதை மறைத்துவிட்டு ஏதோ நாளைக்கே வீட்டுக்கு மின்சாரம் வந்துவிடும் என்பதுபோல் எழுதுவது ஆய்வுக்குத்தான் கெடுதல்.

பாக்கியிருப்பவை கடினமான வேலைகள். இணைவின்போது வேகமாக வெளிவரும் நியூட்ரான் துகள்களின் அடியை வருடக்கணக்கில் தாங்கும் உலைச்சுவர் வேண்டும். இணைவுக்கு எரிபொருளாகும் டிரிட்டியம் என்ற ஹைட்ரஜன் வகையை லித்தியத்திலிருந்து உலைக்குள்ளேயே உண்டாக்க வேண்டும். தனியார் கம்பெனிகளும் இப்போது இறங்கியிருக்கின்றன, ஆனால் லாபம் எப்போது என்று கேட்கும் முதலீட்டாளர் இதற்கெல்லாம் எவ்வளவு காலம் பொறுப்பார்? பல நாடுகள் சேர்ந்து பிரான்ஸில் கட்டும் ஐட்டர் என்ற சோதனை இணைவு உலை தாமதமாகிறது, செலவும் ஏறுகிறது, அதற்குக் கணக்குக் கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டும். அதற்காக நிதியை வெட்டினால் பயிற்சி பெற்ற விஞ்ஞானிகள் வேறு துறைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. சூரிய ஒளி, காற்றாலைத் திட்டங்களின் பணத்தில் கைவைக்கச் சொல்லவில்லை, இதற்கென்று தனி நிதி ஒதுக்கி அதைத் தொடர்ந்து கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்