ஒழுகுவது கண்ணாடியல்ல, அதன் ஓரம்

ஆசிரியர் அவர்கட்கு,

நல்லூர்த் திருவிழாக் கொடி இறங்கிவிட்டது. ஐப்பசி மழைக்கு இனி அதிக நாள் இல்லை, அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்து வீடுகளில் கூரையில் வெளிச்சம் வர ஸ்கைலைற் என்ற ஒளிபுகும் மூடி வைத்திருக்கிறார்கள், கார்த்திகை பிறந்தால் ஐந்திலும் அதற்குக் கீழே ஒரு வாளி இருக்கும். அதில் ஒன்று எங்கள் வீடு.

எங்களுடையது பழைய நாற்சார் வீடு. அப்பப்பா காலத்தில் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் நடுமுற்றத்தில் கொட்டி, கான் வழியாக வளவுக்குப் போய்விடும். மழையைத் தடுக்க ஒருவரும் நினைக்கவில்லை, போக வழி விட்டார்கள், அவ்வளவுதான். நாங்கள் குரங்குக்கும் கள்ளனுக்கும் பயந்து 2019 இல் முற்றத்துக்கு மேலே பொலிகாபனேற் என்ற ஒளிபுகும் பிளாஸ்ரிக் சீற் போட்டு மூடினோம். இதுவரை முற்றத்தில் விழுந்த தண்ணீர் இனி எங்கே போகும் என்று நாங்களும் கேட்கவில்லை, போட்டவர்களும் சொல்லவில்லை. கூரைத் தண்ணீர் ஓடிப்போக நாலு விரல் அகலத்தில் ஒரு பீலியை வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் புரெவிப் புயல் மழையில் அந்தப் பீலி நிறைந்து, தண்ணீர் உள்பக்கமாகச் சுவரில் வழிந்தது.

அப்புறம் மூன்று வருடம் நாங்கள் செய்தது ஒரே வேலை, வெடிப்பை அடைக்கும் சிலிக்கன் பசை பூசுவது. வெடிப்பு தெரிந்த இடமெல்லாம் பூசினோம், ஈரத்திலும் பூசினோம், பழைய சிலிக்கனுக்கு மேலேயும் பூசினோம். தூசியிலும் ஈரத்திலும் அது ஒட்டாது, காய்ந்த பழசின்மேல் புதுசு பிடிக்காது. வினாகிரி மணக்கும் மலிவு வகை சீமெந்தில் நிற்காது, தகரத்தையும் கறளாக்கும், அதற்கு நியூற்றல் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது நாலைந்து பெட்டி முடிந்திருந்தது.

கடைசியில் ஒரு வயதான ஓடாவியார் (தச்சர்) வந்தார். சொட்டுகிற இடத்தை அவர் பார்க்கவேயில்லை. தோட்டத்துக் குழாயைக் கேட்டார், என்னை டோர்ச்சோடு உள்ளே நிற்கச் சொன்னார். முதலில் கீழ் ஓரத்தில் மட்டும் பத்து நிமிடம் தண்ணீர், பிறகு பக்கங்கள், கடைசியாக மேல் ஓரம். மேலே இருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து ஒன்றும் விளங்காதாம். மேல் ஓரத்துக்கு வந்து கொஞ்ச நேரத்தில் உள்ளே சொட்டியது. ஆனால் சொட்டியது ஆறு அடி தள்ளி! மேலே புகுந்த தண்ணீர் கூரைச் சிலாகை மரம் வழியே ஓடி, தனக்கு வசதியான இடத்தில் விழுகிறது, நாங்கள் அந்த இடத்துக்கு நேர் மேலே பூசிக்கொண்டிருந்திருக்கிறோம். மேல் ஓரத்தில் சீற்றுக்கும் ஓட்டுக்கும் இடையை மூடும் தகடு ஓட்டுக்குக் கீழே போயிருக்க வேண்டும், எங்கள் வீட்டில் ஓட்டுக்கு மேலே கிடந்தது. போதாததற்கு, சட்டத்துக்குள் சேரும் தண்ணீர் வெளியேற அலுமினியத்தில் விட்டிருந்த சின்னத் துளைகளையும் ஒழுக்கு என்று நினைத்து நானே அடைத்து வைத்திருந்தேன்.

சீற்றைப் பற்றியும் ஒன்று சொன்னார். மூன்று மீற்றர் பொலிகாபனேற் விடியக் காலைக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையில் ஐந்தாறு மில்லிமீற்றர் நீளும். துளை ஆணியின் அளவுக்கே இருந்தால், ஆணியையும் இறுக்கி முறுக்கிவிட்டால், அது அசைய இடமில்லாமல் ஆணியடியில் வெடிக்கும். பங்குனி, சித்திரையில் வெடித்ததுதான் கார்த்திகையில் ஒழுகுகிறது. பிளாட் வீடென்றால், அதாவது தட்டையான கொங்கிரீட் கூரை என்றால், கதை வேறு. ஓட்டையைச் சுற்றி ஆறு அங்குலமாவது கட்டு உயர்த்தாமல் கண்ணாடியை வைத்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் படத்தைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

இன்னொன்று, மார்கழி, தை விடியலில் மழையே இல்லாமல் சொட்டினால் பதறிக் கூரையில் ஏற வேண்டாம். இரவில் சீற் குளிர்ந்துபோக, வீட்டுக்குள் இருக்கும் ஈரக் காற்று அதில் வேர்க்கிறது. குசினி ஆவி போக வழி இருந்தால் பெரும்பாலும் குறையும். ஏற வேண்டி வந்தாலும் பழைய சீற்றிலோ கண்ணாடியிலோ கால் வைக்காதீர்கள், பலகை போட்டு ஏறத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

எனது வேண்டுகோள் இரண்டு. வேலை செய்விப்பவர்கள் கடைசிக் காசைக் கொடுப்பதற்கு முன் குழாயால் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல மேசனோ ஓடாவியோ இதற்குக் கோபிக்கமாட்டார். அடுத்தது உங்களுக்கு, ஆசிரியரே. வெள்ளம் வந்த பிறகு படம் போடுகிறீர்கள், சரி, பீலியில் வேப்பஞ்சருகு அடைத்துக் கிடக்கும் இந்த நாட்களிலும் நாலு வரி போடக்கூடாதா? அதில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு நுளம்பும் முட்டையிடுகிறது.

எங்கள் வீட்டில் வடக்கு மூலையில் இன்னும் ஒரு சொட்டு மிச்சம் இருக்கிறது. ஓடாவியார் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், குழாயை எடுத்து வைத்திருக்கிறேன்.

வாசகி,
கொக்குவில்