ராத்திரி விளக்கை அணைத்துவிடு

அன்புள்ள ரீகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீளமாகத் தட்டினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் மெயில். இதற்குக் கட்டைவிரல் கிடையாது என்று நினைக்கிறேன்.

புதுத் தொட்டியின் போட்டோ வந்தது. ஹாலில் இருக்கிற பெரிய தொட்டியைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆழமில்லாமல், கையை விட்டால் அடி தட்டுகிற மாதிரி. பவளத் துண்டு வளர்க்க அதுதான் சரி, வெளிச்சம் அடிவரை இறங்கும். 60-க்கு 60, உயரம் 30 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாய். கணக்குப் போட்டேன், 108 லிட்டர், விளிம்பு விட்டால் 100. உப்பு மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே பிடிக்கும். அம்மாவிடம் சொன்னேன். "நான் இருபது வருசம் அளத்துல தண்ணியிலேருந்து உப்பை எடுத்தேன், இவன் அங்க போயி உப்பைத் தண்ணியில கொட்டுறானாக்கும்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள்.

போட்டோ வந்தபோது எனக்குக் காலை ஏழு மணி. பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். உன் ஊரில் மூன்றரை. தொட்டியில் நீல விளக்கு எரிகிறது, கண்ணாடியில் உன் பனியன் தெரிகிறது. போன வாரம் வந்த இரண்டும் அதே நேரம்தான். பவளத்துக்கும் ராத்திரி வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஒன்பது பத்து மணி நேர வெளிச்சம் போதும், அதற்குமேல் கொடுத்தால் பாசிதான் வளரும், இருட்டினால்தான் அது கையை நீட்டி இரை பிடிக்கும் என்றெல்லாம் சொன்னாயே. ஒரு டைமரை வாங்கி மாட்டு. பத்து மணிக்கு அணைந்துவிடட்டும்.

அவசரப்படாதே. பெரிய தொட்டித் தண்ணீரை ஊற்றினால் உடனே பழகிவிடும் என்று நினைப்பாய். அந்த நல்ல கிருமியெல்லாம் கல்லில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரில் அதிகம் இருக்காது, இதுவும் நீ சொன்னதுதான். அங்கிருந்து ஒரு கல்லைத் தூக்கி இதில் போடு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் காட்டும்வரை ஒரு துண்டும் வைக்காதே, மாதம் ஒன்றானாலும் சரி. சூடு 25 டிகிரி, உப்பு லிட்டருக்கு 35 கிராம், அதில் ஏற்ற இறக்கம் கூடாது. வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வயர் வழியாகவே ஓடி பிளக்குக்குள் போய்விடும். போட்டோவில் ஒரு வயர் நேராகப் போகிறது, பார்த்துக்கொள்.

துண்டு வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. அந்தப் பொத்தான் மாதிரிப் பூக்குமே, ஜோவாந்தஸ், அதன் பால் கண்ணில் தெறித்தால் பாலிடாக்சின் என்கிற விஷம், விளையாட்டில்லை. கல்லைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வெந்நீரில் போட்டு வேகவைக்கவும் கூடாது, அந்த ஆவியிலேயே வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். மூன்றரை மணிக்குத் தூக்கக் கண்ணோடு கத்தியைத் தொடவே தொடாதே.

துண்டு வளர்ந்தால் விற்கலாம், ஒரு துண்டு இருபது யூரோ போகும் என்று எழுதியிருந்தாய். நல்லது. இத்தனை வருசத்தில் நீ எனக்கு எழுதியதில் காசைப் பற்றி வந்தது இதுதான் முதல் தடவை. விற்பதானால் விலை உயர்ந்த மான்கொம்புப் பவளத்தில் ஆரம்பிக்காதே. லெதர், காளான், பச்சைப் புல் மாதிரி அலையுமே அது, இவையெல்லாம் தப்பு செய்தாலும் தாங்கும்.

2023-ல் நான் ஷ்டுட்கார்ட்டில் உன்னோடு இருந்த மூன்று மாதத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கெட் தூக்கியதும் நான்தான், உப்பு கலக்கியதும் நான்தான். ஒருநாள் வெள்ளை டப்பா ஒன்றை நீட்டி, "அப்பா இதில் ஒன்றரை கிராம் ஒரு லிட்டருக்கு, கால்க்வாசர்" என்றாய். மூடியைத் திறந்து இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தேன். தேய்த்ததுமே தெரிந்துவிட்டது. சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிற, சுவருக்கு அடிக்கிற அதே நீற்றுச் சுண்ணாம்பு. கலக்கி, வண்டலை அடியில் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும், ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், மொத்தமாக ஊற்றினால் எல்லாம் செத்துவிடும் என்றாய். அதைக் குடித்துத்தான் பவளக் கல் வளர்கிறது என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் பால்கனிக்குப் போய்விட்டேன். குளிர் தாங்கவில்லை என்று நீ நினைத்தாய்.

அன்றைக்கு எனக்குச் சுண்ணாம்புக் காளவாசல்தான் கண்ணில் நின்றது. விறகும் கடல் கல்லும், அதுதான் இந்தப் பவளம், மாறி மாறி அடுக்கி எரிப்பார்கள். வெந்த கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று சீறும், வெடித்துப் பூவாக உதிரும். அந்தக் கல்லை வள்ளத்தில் கொண்டுவந்து போட்டவர்களில் நானும் ஒருவன். கடப்பாரையோடு மூச்சடக்கி இறங்குவோம். உயிருள்ள கல் சும்மா வராது, வழவழப்பாக இருக்கும், கையை அறுக்கும், மேலே கொண்டுவந்தால் ஒரு மாதிரிக் கவிச்சி. அது உயிர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. அந்த வாடையே சொல்லியது. நம் தூத்துக்குடிக் கடலில் விலாங்குச்சல்லித் தீவில் உன் தாத்தா இறங்கி நின்று சோறு பொங்கியிருக்கிறார். இன்றைக்கு அது தண்ணீருக்கு அடியில்.

சாப்பிடும்போது ஒரு கதை சொன்னாயே, புளோரிடாவில் டேவிட் வாகன் என்பவர் தொட்டியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பவளத்தை எடுக்கும்போது தெரியாமல் உடைந்து, அடியில் ஒட்டியிருந்த துணுக்கு சில வாரத்திலேயே மளமளவென்று வளர்ந்தது என்று. அப்படியானால் நாங்கள் ஒடித்ததெல்லாம் காடாகியிருக்க வேண்டுமே என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அவர் துணுக்கை ஒட்டியபடி விட்டார். நாங்கள் தூரோடு பெயர்த்தோம்.

எதற்கோ ஆரம்பித்து எங்கேயோ போகிறேன். போன வியாழக்கிழமை ஷைனியிடம் பேசினேன். டூட்டிக்கு நடுவில் எடுத்தாள், பாவம். "அவர் ஆபீசில் இருப்பார் மாமா" என்றாள். அப்போது உங்கள் ஊரில் பதினொரு மணி. பத்தரைக்கு நீ ஒரு போட்டோ அனுப்பியிருந்தாய், அந்தக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டில் பதினைந்து வட்டு ஒட்டி வைத்திருந்தது. பின்னால் சமையலறை ஜன்னல், நல்ல வெயில். நான் ஷைனியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

2001-ல் கடல் கல்லையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள், புலி இருக்கிற அதே அட்டவணையில். அதற்கடுத்த வருசம் எங்கள் வள்ளக்காரர் இனி கல்லுக்குப் போவதில்லை என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நீ அப்போது பத்தாம் வகுப்பு. நான் வீட்டில் சொல்லவில்லை ரீகன். பதினேழு நாள், தினமும் விடியற்காலையில் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு பழைய துறைமுகத்துப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன். சோற்றைச் சாப்பிடவும் பிடிக்காது, கொட்டவும் மனசு வராது, காக்காய்க்குப் போடுவேன். சாயங்காலம் முகத்தில் கடல் தண்ணீரை அடித்துக்கொண்டு திரும்புவேன், கடலுக்குப் போன மாதிரி இருக்க வேண்டுமே. ராத்திரி மாடியில் படுத்துக்கொண்டு விழித்தே கிடப்பேன். பன்னிரண்டாம் நாளோ என்னவோ, நீ சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தாய். என்னைப் பார்த்தாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாய், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கு உன் பீஸ் கட்டுகிற அன்றைக்குத்தான் தெரிந்தது, தோட்டைக் கழற்றினாள். தோடு போனதற்கு அவள் அழவில்லை, பதினேழு நாள் சோறு கட்டிக் கொடுத்தேனே என்றுதான் அழுதாள்.

அன்றைக்கு நான் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோற்றில் பாதி கொடுத்திருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையனை அதைச் சுமந்துகொண்டு போகும்படி விட்டுவிட்டேன். இத்தனை வருசம் நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. இப்போது எழுதியாயிற்று.

வேறு செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. மாதா கோயில் கொடியேற்றம் ஜூலை 26, தேருக்கு வர முடியுமா என்று அம்மா கேட்கிறாள், நான் கேட்கவில்லை. வான் தீவுப் பக்கம் காங்கிரீட் பாறை இறக்கினார்களே, அதில் இப்போது மீன் நன்றாக அடைகிறதாம், உன் சித்தப்பா சொன்னான். நம் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அதில்தான் படுக்கிறார்கள், மற்ற நாள் காலியாகத்தான் கிடக்கிறது.

டைமர் வாங்கிவிட்டாயா என்று எழுது. அந்த வயரைச் சரி பண்ணு. கையுறை, கண்ணாடி. ஒருவேளை விளக்கை அணைத்த பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதே, போன் போடு. உனக்கு மூன்றரை என்றால் எனக்கு ஏழு. அம்மா அந்நேரம் மீன் வாங்கப் போய்விடுவாள், வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா