பாப்பாவின் அரைப் புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சம்பா பச்சை பிடித்துவிட்டது, வடக்கு வயலில் மட்டும் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. அது கிடக்கட்டும். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பா முகம் வாடிப்போயிருந்தது. "செஸ் போட்டியில ராணியைக் கையில வச்சுக்கிட்டு டிரா பண்ணிட்டு வந்திருக்கா" என்று நீ பின்னாலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை.

மறுநாள் மருமகளிடம் அந்தக் கடைசி நிலையைக் கேட்டு எழுதிக்கொண்டு, உன் பழைய பலகையில் வைத்துப் பார்த்தேன். (தொலைந்துபோன கறுப்புச் சிப்பாய்க்குப் பதிலாக நீ வைத்த புளியங்கொட்டை இன்னும் டப்பாவில் இருக்கிறது.) எதிர்ப் பையனிடம் ராஜா மட்டும், அதுவும் மூலையில். பாப்பாவின் ராணி அதிலிருந்து குதிரை தாவும் தூரத்தில். செக்கும் இல்லை, ராஜா நகர ஒரு கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது ஆட்டம் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. வழி எல்லாவற்றையும் அடைத்தால் போதும் என்று குழந்தை நினைத்திருக்கிறாள். வயலில் எலி வளையின் வாயை அடைத்துவிட்டால் எலியைப் பிடித்ததாகிவிடுமா? மேட் என்றால் ராஜா மேல் தாக்குதலும் இருக்க வேண்டும்.

அவளை விரட்டாமல் இதைச் சொல்லிக்கொடு. ராணியைக் குதிரை தூரத்திலேயே வைத்து ராஜாவை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகலாம், தப்பில்லை. ஆனால் அது மூலைக் கட்டத்தில் கால் வைத்ததும் ராணியை நிறுத்திவிட வேண்டும், பின்தொடரக் கூடாது. அது மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்கும் போய்வந்துகொண்டிருக்கட்டும். அதற்குள் நம் ராஜா நடந்து வந்துவிடும். நாலு தடவை ஆடிக் காட்டினால் போதும், எட்டு வயதுக்குப் பிடிபட்டுவிடும்.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று சிரிக்காதே. ஐந்து வருஷம் உன்னோடு எத்தனை பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் சோற்று டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆர்பிட்டரிடம், அதாவது நடுவரிடம், அப்பாக்கள் சண்டை போடுவதைக் கேட்டே பாதி விதி பாடமாகிவிட்டது. நம் நேரம் தீர்ந்து கடியாரம் விழுந்தாலும் எதிராளியிடம் வெறும் ராஜாதான் இருக்கிறது என்றால் தோல்வி இல்லை, டிரா என்பதை உன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

1995 ஞாபகம் இருக்கிறதா? நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக ஆனந்தும் காஸ்பரோவும் ஆடினார்கள். முதல் எட்டு ஆட்டமும் டிரா. மயிலாடுதுறையில் பிறந்த பிள்ளை என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, "இன்னிக்கும் தோக்கலை பாரு" என்பார். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் ஜெயித்த அன்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் பத்தரைக்கு ஏழரை என்று தோற்றதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அதே வருஷம்தான் தஞ்சாவூர்ப் போட்டி. உனக்குப் பதினொரு வயது. ஒரு யானை குறைவாக வைத்துக்கொண்டு, ராணியால் செக் மேல் செக் கொடுத்து எதிராளியின் ராஜாவை மூச்சுவிட விடாமல் வைத்திருந்தாய். ஒரே நிலை, அதே ஆள் நகர்த்த வேண்டிய முறையில், மூன்றாவது தடவை வந்தால் டிரா கேட்கலாம் என்று உனக்கு நன்றாகத் தெரியும். எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. நகர்வைத் தாளில் எழுதிவிட்டு, காயைத் தொடாமல், கடியாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். நீ காயையும் நகர்த்தி, கடியாரத்தையும் தட்டிவிட்டு, அப்புறம் கையைத் தூக்கினாய். "நகர்த்திட்டியே தம்பி" என்றார் அவர். எதிராளி ராஜாவை வேறு பக்கம் கொண்டுபோய்த் தப்பித்தான், நீ தோற்றாய். இப்போது ஐந்தாவது தடவை வந்துவிட்டால் ஆர்பிட்டரே ஆட்டத்தை முடித்துவிடுகிறார். அப்போது அந்த விதி கிடையாது.

மன்னார்குடி பஸ்ஸில் அப்பா உன்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "டிரா வாங்கக்கூடத் துப்பில்லை" என்றார். ஆனந்தின் எட்டு டிராவைக் கொண்டாடிய அதே மனுஷர். வடுவூர் ஏரியில் பறவை நிறைந்திருந்தது. எப்போதும் எட்டிப் பார்க்கிறவன் அன்று தலையைத் தூக்கவில்லை. நான் சன்னல் பக்கம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா போன பிறகு அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் பேசாததைத்தான் சொல்கிறேன். அதற்கப்புறம் ஒரு வருஷத்தில் நீ பலகையை பரண் மேல் போட்டுவிட்டாய்.

தப்பு யாருக்குத்தான் வராது? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன 14-வது ஆட்டத்தைப் பார்த்தாயல்லவா? டிராவாக முடிய வேண்டிய ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். 55-வது நகர்வில் அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் என்று வெட்டி மாற்றிவிட்டு, மிச்சமிருந்த சிப்பாய்களை வைத்தே ஜெயித்துவிட்டார். உலகச் சாம்பியனுக்கே அரைப் புள்ளி கைநழுவுகிறது. நம் பாப்பாவுக்கு அரைப் புள்ளி கிடைத்தாவது இருக்கிறது.

அவளுக்கு இன்னும் தெரியாத டிரா எத்தனையோ இருக்கிறது. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் இரண்டு பேரும் 50 நகர்வு ஆடிவிட்டால் டிரா கேட்கலாம். பிஷப்பும் குதிரையும் மட்டும் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் அதிகபட்சம் 33 நகர்வில் மேட் கொடுத்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்கு 50-ம் பத்தாது. ஓரத்துச் சிப்பாயோடு, அது ராணியாக வேண்டிய மூலைக் கட்டத்தின் நிறத்துக்குச் சேராத பிஷப் இருந்தால், எதிர் ராஜா அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே டிரா பண்ணிவிடும். இதை நான் காட்டிக்கொடுக்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டு வாருங்கள். நீடாமங்கலம் பக்கத்தில் பூவனூர்க் கோயிலுக்குப் பாப்பாவைக் கூட்டிப்போக வேண்டும். சுவாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாராம். அந்த ஆட்டம் டிரா ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கட்டாயம் கேட்பாள். குருக்களைத்தான் கேட்க வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். நீ எடுக்காதே, பாப்பாவை எடுக்கச் சொல். பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா