மடக்குக்கத்தியைத் தேய்த்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பழம்பொருள் பகுதியில் வந்த மடக்குக்கத்தியின் படம் அருமை. ஆனால், மான்கொம்புப் பிடியைப் பார்த்தே அதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருந்த ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனக் கத்தி என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கடமான் கொம்பு இந்தியாவிலிருந்து அந்த ஊருக்குக் கப்பலில் போனது. எத்தனையோ பட்டறைகள் அதை வாங்கின. அங்கே ஒரே கைவினைஞர் பல நிறுவனங்களுக்கு வேலை செய்ததும் உண்டு என்பதால், பிடிகள் ஒன்றுபோலவே இருக்கும்.

பார்க்க வேண்டிய இடம் அலகின் அடிப்பகுதி. கத்தியைத் திறந்தால் பிடியை ஒட்டி, கூர் இல்லாத சிறு தட்டை இடம் தெரியும். செய்தவர் முத்திரை அங்கேதான் இருக்கும். ஷெஃபீல்டில் 1624இல் அமைந்த கத்தி செய்வோர் சங்கம் இந்த முத்திரைகளைப் பதிவு செய்து காத்து வந்தது. ஜோசப் ராட்ஜர்ஸின் முத்திரை ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் (நுனி பிளந்த நான்கு கைகள் கொண்ட சிலுவை). 'ராட்ஜர்ஸ்' என்ற பெயர் மட்டும் போதாது. வில்லியம் ராட்ஜர்ஸ் என்ற பெயரிலும் கத்திகள் வந்தன. அவை ஜான் கிளார்க் நிறுவனத்தினுடையவை.

காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். கிரீடத்தின் இருபுறமும் 'வி', 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலத்து முத்திரை. 'ஜி', 'ஆர்' என்றால் கவனம் தேவை. 1820களில் ஆண்ட நான்காம் ஜார்ஜும் ஜார்ஜ்தான், 1936இல் பட்டத்துக்கு வந்த ஆறாம் ஜார்ஜும் ஜார்ஜ்தான். கூடவே 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால், அது நான்காம் ஜார்ஜ் காலத்தது அல்ல என்பது உறுதி. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியதே 1913இல்தான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. பழைய கத்தி கையில் கிடைத்ததும் உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். மெல்லிய முத்திரை துருவோடு போய்விடுகிறது. அப்புறம் எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, மென்மையான துணியால் துடைத்தால் போதும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்து, செல்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்ன அலகையும் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் முத்திரை இருக்கலாம்.

அந்தக் கத்தியின் உரிமையாளரிடம் கேட்டு, அலகின் அடிப்பகுதியை நெருக்கமாக எடுத்த படம் ஒன்றை அடுத்த இதழில் வெளியிடுங்கள். யார் செய்தது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை