நாலு பக்கம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன அழுத்தத்துக்கு நடைப்பயிற்சி, தியானம் என்று எல்லாம் சொல்கிறோம், பிடித்த கதையை எடுத்துப் படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. போன வருஷம் ராத்திரி இரண்டு மணி வரை செல்போனைத் தள்ளிக்கொண்டே கிடந்த நான், ஒரு நாள் அதை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரு நாவலைக் கையில் எடுத்தேன். நாலாவது பக்கத்தில் இறுகியிருந்த தோள் தளர்ந்தது, அப்புறம் எப்போது தூங்கினேன் என்றே தெரியாது, காலையில் புத்தகம் நெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 வயது கடந்த 3,635 பேரின் தகவல்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், புத்தகம் படிப்பவர்கள் படிக்காதவர்களைவிடச் சுமார் 23 மாதம் கூடுதலாக வாழ்ந்ததாகச் சொன்னார்கள். பரீட்சைக்குப் படிப்பது வேறு, ஆசைக்குப் படிப்பது வேறு. பிள்ளைகள் கையில் கதைப்புத்தகத்தைப் பார்த்ததும் "பாடத்தைப் படி" என்று தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்