“சுகமான வேலை” என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், கோல் சென்டர் வேலையைக் “குளிரறையில் இருந்து கதைக்கும் சுகமான வேலை” என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேலைக்குப் பிள்ளைகளைப் பழக்குபவள் என்ற முறையில் மனம் நொந்து எழுதுகிறேன்.

கதைப்பது அதில் பாதிதான். கதைத்த நேரம், மறுமுனையைக் காக்கவைத்த நேரம், பிறகு குறிப்பெழுதிப் பதியும் நேரம், மூன்றையும் கூட்டித்தான் கணக்கு. ஒரு அழைப்புக்குச் சராசரி 6 நிமிடம் இலக்கென்று வையுங்கள். கணவர் இறந்துவிட்டார், அவர் பெயரிலுள்ள இணைப்பை நிறுத்துங்கள் என்று அழுகிற ஒரு அம்மாவுக்கு 14 நிமிடம் கொடுத்த பிள்ளை, அடுத்த நான்கு பேரையும் நந்நான்கு நிமிடத்தில் அனுப்பினால்தான் சராசரி மீண்டும் 6க்கு வரும். அந்த நால்வரில் ஒருவர் தூஷணத்தால் ஏசினாலும் குரல் மாறக்கூடாது. “உங்கள் சிரமம் விளங்குகிறது” என்ற வசனம் தவறினால் தரப் புள்ளி வெட்டுப்படும். அழைப்பு தானாக இணையும் முறையென்றால் காதில் ஒரு ‘பீப்’, அடுத்தவர் வந்துவிடுவார். ஒரு மிடறு தண்ணீருக்கும் இடைவெளி இல்லை. பிள்ளை வீட்டில் முகங்கொடுத்துக் கதைக்குதில்லை என்று தாய்மார் குறைப்படுகிறார்கள். அன்பாகக் கதைக்கிற குரலை எட்டு மணித்தியாலம் விற்றுவிட்டு வருகிற பிள்ளை அது.

விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் இதை ‘உணர்வு உழைப்பு’ என்று 1983இலேயே எழுதினார். தாங்கள் அறியாததல்ல.

கணினியில் படங்களுக்குப் பெட்டி போடும் வேலையையும், அதாவது படத்திலுள்ள வாகனம் போன்றவற்றைச் சுற்றிக் கட்டம் வரைந்து அடையாளமிடும் வேலையையும், அதே வரியில் அடக்கிவிட்டீர்கள். வாகனத்தின் விளிம்போடு பெட்டி ஒட்டி நிற்க வேண்டும். மரம் பாதியை மறைத்தால், தெரிகிற பாதிக்கு மட்டும் போடுவதா, மறைந்ததையும் ஊகித்துப் போடுவதா? அறிவுறுத்தல் இடையில் மாறும், முடித்த தொகுதி முழுவதும் திரும்பி வரும், எண்ணிக்கைக் கூலியென்றால் இரண்டாம் முறை செய்வதற்குக் காசு கிடைப்பது அரிது. அந்தப் படங்கள் எங்கே, எதற்குப் போகின்றன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சுருட்டுக் கொட்டிலிலும் எண்ணிக்கைக் கூலிதான். ஆனால் கை சுற்றச் சுற்ற வாய் கதைத்தது, சுற்றிய சுருட்டு கண்முன்னே கட்டாகக் கிடந்தது.

எங்கள் பிள்ளைகள் ஒரு வேலையில் நிலைப்பதில்லை என்று முன்பும் எழுதினீர்கள். அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். லண்டன்காரரின் அழைப்புகளை ஏற்கும் வேலையைப் பாருங்கள். கோடையில் லண்டனின் காலை 9 மணி இங்கு பிற்பகல் 1.30. ஒக்டோபர் கடைசியில் அங்கு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினால் 2.30. அங்கத்தைய 5 மணிவரை வேலையென்றால், இரவு 9.30க்கு வேலை முடிந்து இறங்கிய கொக்குவில் பிள்ளை 10.30க்கு இறங்கும். அந்த நேரம் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவது?

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆள் தேவை விளம்பரங்களை ஏற்கும்போது மூன்று விபரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: இலங்கை நேரப்படி வேலை தொடங்கி முடியும் நேரம், மாதச் சம்பளமா எண்ணிக்கைக் கூலியா, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநரின் 12 வீதம் கட்டப்படுமா. இடமிருந்தால், 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வழமையான வேலை வாரம் 45 மணித்தியாலம் என்பதையும் பக்கத்தின் அடியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பயிற்றுநர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.